டாரதி கேட்ட ரொட்டி



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை உள்ளவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பரீட்சையில் வராது, பயப்பட வேண்டாம்.

வில்லியம் கேரி என்ற பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். செராம்பூர் அச்சுக்கூடம், வங்காள மொழியில் வேதாகமம், உடன்கட்டை ஏறுவதை எதிர்த்தவர் என்று இரண்டு மூன்று வரியில் அவரை முடித்துவிடுவார்கள். நான் இன்று சொல்லப்போவது அந்த அச்சுக்கூடத்தின் கதை இல்லை. அவர் வீட்டு அடுப்படியின் கதை. கப்பலில் வந்து இறங்கிய ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது, எங்கே தூங்கியது, காய்ச்சல் வந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம்கூட வரலாறுதானே. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஓடிய பழக்கமாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் என்று ஒரு மாவட்டம். நாட்டின் நடுவில் இருப்பது. எந்தத் திசையில் போனாலும் கடல் வெகுதூரம். அங்கே ஒரு சின்ன ஊரில் 1781 ஜூன் 10 அன்று ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வில்லியம் கேரி, வயது 19, செருப்புத் தைக்கும் தொழிலாளி. பெண் டாரதி பிளாக்கெட், அவரைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்கு எழுதத் தெரியாது, ஒரு சிலுவைக்குறி போட்டார். நம் ஊரில் கைநாட்டு வைப்பார்களே, அது மாதிரி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிராமத்துப் பெண்களுக்கு அது சாதாரணம்.

கேரி பட்டறையில் உட்கார்ந்தபடியே லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு என்று படித்துக்கொண்டே போனார். பள்ளிக்கூடம் வைத்துப் பார்த்தார், திருச்சபையில் போதகரானார். வருமானம் மட்டும் எதிலும் போதவில்லை. இரண்டு பெண் குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். ஃபீலிக்ஸ், வில்லியம், பீட்டர் என்று மூன்று பையன்கள் மிஞ்சினார்கள். 1792 அக்டோபரில் கெட்டரிங் என்ற ஊரில் சில போதகர்கள் கூடி, வெளிநாட்டில் ஊழியம் செய்ய ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்றைக்கு எழுதிக்கொடுத்த நன்கொடை மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தப் பணத்தையும் அவர்கள் துணிச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

1793 தொடக்கத்தில், வங்காளத்தில் முன்பே இருந்துவிட்டு வந்த ஜான் தாமஸ் என்ற மருத்துவருடன் கேரி போவது என்று முடிவானது. கேரியும் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். டாரதி வரமாட்டேன் என்றார்.

இந்த இடத்தில் பல புத்தகங்கள் டாரதியைக் குறை சொல்லும். படிக்காதவர், கணவரின் பெரிய மனதைப் புரிந்துகொள்ளாதவர், அவர் வேலைக்குப் பாரம் என்று. அவர் நிலைமை என்னவென்று பாருங்கள். வயிற்றில் பிள்ளை. கையில் மூன்று பையன்கள். பிரான்ஸோடு அந்த பிப்ரவரியில்தான் போர் தொடங்கியிருந்தது, கடலில் எந்தக் கப்பலுக்கும் பத்திரம் இல்லை. போனால் திரும்புவது என்ற பேச்சே இல்லை. இதற்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு பெண் முட்டாளாக இருக்க வேண்டுமா என்ன?

கேரி மூத்தவன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு ஏப்ரலில் கப்பல் ஏறினார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு கையில் இல்லை. அது இல்லாமல் யாரும் இந்தியாவில் குடியேறக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கும் இதே சட்டம்தான், பாதிரிமார்களைக் கம்பெனி அப்போது விரும்பவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, கப்பல் தலைவர் பயந்துபோய் அவர்களை இறக்கிவிட்டார். அதற்குள் ஊரில் டாரதிக்கு நாலாவது பையன் பிறந்திருந்தான். ஜேபெஸ் என்று பெயர்.

டென்மார்க் கப்பல் ஒன்று கிளம்புவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன் கிடைத்த சில நாளில் கேரியும் தாமஸும் ராத்திரியோடு ராத்திரியாகப் பயணம் செய்து, காலைச் சாப்பாட்டு வேளைக்கு டாரதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் முடியாது என்றார். இருவரும் கிளம்பிவிட்டார்கள். பாதி வழியில் தாமஸ் மட்டும் திரும்பிப் போனார். நீங்கள் வராவிட்டால் குடும்பம் சிதறிவிடும், ஆயுசுக்கும் வருந்துவீர்கள் என்று சொன்னார். இது தாமஸே எழுதிவைத்தது. டாரதி பயந்துபோய் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, தங்கை கேத்தரினும் கூட வரவேண்டும். கிட்டி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணும் சரி என்றாள். ஒரே நாளில் தட்டுமுட்டுச் சாமானை விற்றது விற்றபடி, கட்டியது கட்டியபடி கிளம்பினார்கள். பணம் போதாததால் தாமஸும் கிட்டியும் வேலைக்காரர்கள் என்ற பெயரில் குறைந்த கட்டணத்தில் வந்தார்கள்.

ஜூன் 13 அன்று டோவரில் கப்பல் ஏறினார்கள். மடியில் ஒரு மாதம் தாண்டிய பச்சைக் குழந்தை. நம் வீடுகளில் அப்போது தாயும் பிள்ளையும் வாசல்படி தாண்டுவார்களா? நவம்பர் 11 அன்று கல்கத்தாவில் இறங்கினார்கள். ஐந்து மாதத்துக்கு இரண்டு நாள் குறைவு.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

வந்து இறங்கிய முதல் ஏழு மாதத்தில் அந்தக் குடும்பம் எத்தனை இடம் மாறியது தெரியுமா? முதலில் கல்கத்தா. செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஹூக்ளி ஆற்றோரம் பண்டேல். அங்கிருந்து திரும்பவும் கல்கத்தா, ஊருக்கு வெளியே மாணிக்தலா என்ற இடத்தில் ஒரு வங்காளி லேவாதேவிக்காரர் இரக்கப்பட்டு வாடகையில்லாமல் கொடுத்த சின்ன வீடு. அங்கிருந்து கிழக்கே சுந்தரவனக் காட்டோரம் தேபாட்டா. அங்கிருந்து படகில் வடக்கே மூன்று வாரம் போய், மால்டா பக்கம் முத்னாபட்டி. மாற்றலில் ஊர் ஊராகப் போன அரசு ஊழியர் குடும்பங்களுக்குத் தெரியும், ஒரு வீடு மாற்றினாலே பெண்களுக்கு ஆறு மாதம் உடம்பு அலுப்பு தீராது. இங்கே பாஷை தெரியாது, கையில் காசு இல்லை, மடியில் குழந்தை.

காசு ஏன் இல்லை என்றால், சங்கம் கொடுத்த சிறு தொகையைச் சரக்காக வாங்கிவந்து இங்கே விற்றுப் பிழைப்பது என்று திட்டம். அதைப் பார்த்துக்கொண்டவர் தாமஸ். அவர் நல்ல மனிதர், நல்ல மருத்துவர். கணக்கு வழக்கு மட்டும் அவருக்கு வராது. ஏற்கெனவே கல்கத்தாவில் அவருக்குக் கடன்காரர்கள் இருந்தார்கள். சில வாரத்தில் பணம் கரைந்துபோனது. அவர் கல்கத்தாவிலேயே மருத்துவம் பார்க்கத் தங்கிவிட்டார். கேரியின் குடும்பம் ஏழு பேர், மாணிக்தலாவில். போதாததற்கு ராம் ராம் பாசு என்ற முன்ஷிக்கு மாதம் 20 ரூபாய் சம்பளம். மொழி கற்க அவர் இல்லாமல் முடியாது.

அந்த வீட்டில்தான் டாரதிக்கும் ஃபீலிக்ஸுக்கும் ரத்தபேதி. வாரக்கணக்கில் படுக்கை. அந்தக் கட்டத்தில் கேரி எழுதிய நாட்குறிப்பும் கடிதமும் இன்றும் இருக்கின்றன. மனைவியும் மைத்துனியும் தன்னைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதாக எழுதுகிறார். இந்தக் காட்டில் அவசியப் பொருள்கள் கிடைக்கவில்லை, முக்கியமாக ரொட்டி இல்லை என்று புலம்புகிறார்களாம். 'அவர்கள் அவசியம் என்று நினைக்கிற பொருள்கள்' என்கிற தொனியில்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கேரி ஐயாவைப் பிடித்து நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்கத் தோன்றும்.

ரொட்டி என்பதை நாம் டீக்கடை பன் மாதிரி நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு அது நமக்குச் சோறு மாதிரி. தாழ்ந்த வங்காளம் நெல் விளையும் பூமி. கோதுமை மாவு கல்கத்தா கடைகளில் காசுக்குக் கிடைக்கும், வெளியே கிடைக்காது. கிடைத்தாலும் வேகவைக்க அடுமனை அடுப்பு வேண்டும். பேதியில் கிடந்து எழுந்த ஒருத்திக்கு, ஒரு பழகிய கவளம் வாய்க்குக் கேட்கும். எங்கள் அண்ணன் மகள் கல்யாணமாகி ஜெர்மனி போன புதிதில், டிசம்பர் மாதம் எனக்கு போன் போட்டு, 'அத்தை, இட்லி மாவு மூன்று நாளாகியும் புளிக்கவே இல்லை' என்று அழுதாள். மாவுக்காகவா அழுதாள்? அவளுக்கு மறுநிமிடம் பேச நான் இருந்தேன். டாரதி ஊருக்கு ஒரு கடிதம் போட்டால் போய்ச் சேர ஐந்தாறு மாதம், பதில் வர இன்னும் ஐந்தாறு மாதம். கேரிக்கு இங்கிலாந்திலிருந்து முதல் கடிதங்கள் வந்து சேர்ந்தது 1795 மே மாதம்தான். கிளம்பி கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து.

1794 பிப்ரவரியில் படகேறி தேபாட்டா போனார்கள். காட்டைத் திருத்தி நிலம் பயிரிட்டுப் பிழைக்கலாம் என்று கேரியின் எண்ணம். உப்பு இலாகாவில் வேலை பார்த்த சார்லஸ் ஷார்ட் என்ற இங்கிலீஷ்காரர், முன்பின் தெரியாத இந்த ஏழு பேரையும் தன் பங்களாவில் வைத்துச் சோறு போட்டார். மத நம்பிக்கையெல்லாம் அவருக்குப் பெரிதாக இல்லை, மனிதர் தங்கமானவர். கேரி ஆற்றுக்கு அக்கரையில் மூங்கில் வீடு கட்ட ஆரம்பித்தார். மீன், கோழி, காய்கறி தாராளம். புலியும் தாராளம். அக்கம்பக்கத்தில் புலி அடித்து ஆட்கள் செத்த சேதி வந்துகொண்டே இருக்கும். நாலு ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் அங்கே எப்படிக் கண்ணயர்ந்திருப்பார்?

அந்தச் சமயத்தில் மால்டாவில் இருந்த ஜார்ஜ் அட்னி என்ற கம்பெனி அதிகாரியிடமிருந்து கேரிக்கு வேலை வந்தது. முத்னாபட்டியில் அவுரிச் சாயம் எடுக்கும் தொழிற்சாலைக்கு மேலாளர், மாதம் 200 ரூபாய். நல்ல சம்பளம். மாடி வைத்த செங்கல் வீடு. கேரி உடனே சங்கத்துக்கு எழுதினார், இனிமேல் எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம், அதை வேறு யாருக்காவது பயன்படுத்துங்கள், எனக்கு வருஷா வருஷம் தோட்டத்து விதைகளும் சில கருவிகளும் மட்டும் அனுப்புங்கள் என்று. ஊரில் இருந்தவர்களோ, வியாபாரத்தில் இறங்கிவிட்டாரே என்று சந்தேகப்பட்டு எச்சரிக்கை எழுதினார்கள்! பட்டினி கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் சம்பளம் வந்ததும் புத்தி சொல்வது எல்லாக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது.

வீடு கிடைத்தது, சோறு கிடைத்தது. ஆனால் முத்னாபட்டிக்குக் கிட்டி வரவில்லை. சார்லஸ் ஷார்ட்டை மணந்துகொள்வது என்று முடிவாகி தேபாட்டாவிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு நல்லது நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாரதி கடல் தாண்டச் சம்மதித்ததே தங்கை வருவாள் என்ற ஒரே சொல்லை நம்பித்தான். முத்னாபட்டியில் தன் பாஷையில் பேச இன்னொரு பெண் கிடையாது. தாமஸுக்கும் அதே மாதிரி ஒரு வேலை கிடைத்திருந்தது, அவர் குடும்பம் இருந்தது சுமார் 16 மைல் தள்ளி. கேரி பகலில் தொழிற்சாலை, மாலையில் முன்ஷியோடு பாடம், ராத்திரி மொழிபெயர்ப்பு. பையன்கள் வேலைக்காரர்களோடு சேர்ந்து வங்காளி பேசப் பழகிவிட்டார்கள். பாஷை எட்டாமல் தனியாக நின்றது அவர் ஒருத்திதான்.

அந்தப் பகுதி மழை ஓய்ந்ததும் காய்ச்சல் பரவும் பூமி. கொய்னா மருந்து பிரித்தெடுக்கப்பட்டதே 1820ல்தான். அந்த வருஷம் கேரி காய்ச்சலில் விழுந்து எழுந்தார். அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் இறந்துபோனான்.

அடுத்து நடந்ததைக் கேரியின் எழுத்திலிருந்தே தெரிந்துகொள்கிறோம். பெட்டி செய்ய ஆள் கிடைக்கவில்லை. குழி வெட்ட யாரும் வரவில்லை. பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்று பயம். அதுவும் வேற்று இனத்துப் பிணம். கடைசியில் நாலு முஸ்லிம்கள் குழி வெட்டச் சம்மதித்தார்கள். தூக்கிக்கொண்டு போக ஏழெட்டு மைல் தூரம் ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. சரி, நாமே தூக்கிப் போவோம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தில், ஏற்கெனவே சாதியை இழந்திருந்த ஒரு பையனும், வீட்டுத் துப்புரவு வேலை பார்த்த ஒருவரும் வந்து தூக்கினார்கள். பிறகு ஊர்த்தலைவர், அந்த நாலு பேரோடு யாரும் சேர்ந்து சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். கேரி ஜில்லா நீதிபதிக்குச் சொல்லி ஆள் வரவழைத்துத்தான் அதைத் தீர்க்க முடிந்தது.

நாங்களே தூக்குவது என்று முடிவு செய்தோம் என்று எழுதியிருக்கிறாரே, அந்த முடிவில் டாரதியும் இருக்கிறார். கணவரின் காரியத்துக்கு ஒத்துவராத மனைவி என்று எழுதினவர்கள் இந்த வரியை எப்படித் தாண்டிப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

1795ல் டாரதியின் மனம் கலங்கியது. கணவர் வேறு பெண்களிடம் போகிறார் என்ற சந்தேகம். வெளியே கிளம்பினால் பின்னாலேயே போவார், வேலைக்காரர்கள் முன்னால் ஏசுவார். கணவர் உயிருக்கே ஆபத்தான சந்தர்ப்பங்களும் உண்டு என்று கடிதங்கள் சொல்கின்றன. அந்தச் சந்தேகத்தில் உண்மை இல்லை என்பதைத் தாமஸ் உட்பட அருகில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்ற விஷயங்களில் தெளிவாகப் பேசுவாராம். இன்றைக்கு இதற்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. அன்று கதவைப் பூட்டுவது ஒன்றுதான் வைத்தியம். 1796 ஜனவரியில் ஜோனத்தன் என்று இன்னொரு பையன் பிறந்தான். அதற்கப்புறம் பெரும்பாலும் பூட்டிய அறைதான்.

கேரியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மனைவியை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடும்படி நண்பர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அங்கே எப்படி நடத்துவார்களோ என்று பயந்தார். பக்கத்து அறையில் கூச்சல் கேட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். இதைப் பெரிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பொறுமைதான், மறுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பொறுமையை அளக்க யாரும் இல்லை. அவர் பக்கத்துக் கதையை நாம் பெரும்பாலும் கணவரும் கணவரின் நண்பர்களும் எழுதியதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

இப்போது செராம்பூருக்கு வருவோம். கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில் உள்ள ஊர். அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அவர்கள் ஊர்தானே, இரண்டையும் சேர்த்துத்தான் 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கம்பெனியின் அனுமதிச் சீட்டு செல்லாத இடம் என்பதால், 1799 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்த புதிய மிஷனரிக் குடும்பங்கள் அங்கே போய் இறங்கின. ஜோஷுவா மார்ஷ்மன், அவர் மனைவி ஹன்னா, அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்ட், இன்னும் சிலர். வந்த ஒரு மாதத்துக்குள் கிராண்ட் என்பவர் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் மனைவியும் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்கவில்லை. ஏனென்றால் அவர்கள் கூட்டாகக் குடித்தனம் நடத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

1800 ஜனவரி 10 அன்று கேரி குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆற்றோரமாகப் பெரிய வீடு ஒன்றை வாங்கினார்கள். எல்லாக் குடும்பமும் ஒரே பந்தியில் சாப்பாடு. யார் சம்பாதித்தாலும் பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும், தனி வியாபாரம் கூடாது. வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர் கையில். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி, அந்த வாரத்து மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த என் அத்தைமார்களுக்கு இந்தச் சனிக்கிழமை ஏற்பாடு தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வீட்டின் ஒரு நாளை வார்ட் எழுதிவைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் கேரி தோட்டத்துக்கு. மார்ஷ்மன் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு. வார்டும் ஃபீலிக்ஸும் அச்சுக்கூடத்துக்கு. எட்டு மணிக்கு மணி அடித்தால் ஜெபம், காலைச் சாப்பாடு. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் ஆகாரம், குளியல், குட்டித் தூக்கம். மூன்று மணிக்குப் பெரிய சாப்பாடு. ஏழு மணிக்குத் தேநீர். ராத்திரிச் சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. கவனித்தீர்களா, வெயில் நேரத்தில் குளித்துத் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஊருக்குத் தக்கபடி உடம்பை வளைத்துவிட்டார்கள்.

இத்தனை பேருக்கும் மணி அடித்தால் சாப்பாடு தயாராக இருக்கிறது என்றால், அதன் பின்னால் முக்கியமாக ஒரு ஆள் இருந்திருக்கிறார். ஹன்னா மார்ஷ்மன், வயது 32. அவரைப் பற்றி எழுத எனக்குக் கை பரபரக்கிறது, ஏனென்றால் அவரும் டீச்சர். 1800 மே மாதம் கணவரும் மனைவியும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள் தொடங்கினார்கள். அந்தக் கட்டண வருமானம்தான் ஆரம்ப வருஷங்களில் அந்தக் கூட்டுக் குடித்தனத்துக்குப் பெரிய தூண். அச்சுக்கூடத்துக்கு மையும் காகிதமும் வாங்கிய பணத்தில் ஹன்னாவின் பள்ளிக்கூடப் பணமும் உண்டு. பின்னாளில் இந்தியப் பெண் குழந்தைகளுக்கும் பள்ளிகள் நடத்தினார்.

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. கேரியின் நாலு பையன்கள். ஃபீலிக்ஸுக்கு 14 வயது, கடைசியவன் ஜோனத்தனுக்கு 4. தாய் அறையில், தகப்பன் புத்தகத்தில். சொல் பேச்சுக் கேட்காமல் திரிந்தார்கள். கேரிக்குக் கண்டிக்க மனம் வராது. ஹன்னா அவர்களைச் சோறு போட்டு வளர்த்தார், வார்ட் மூத்தவனை அச்சுக்கூடத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்தினார். முரடன் என்று பெயரெடுத்த அந்த ஃபீலிக்ஸ்தான் பிற்காலத்தில் உடற்கூற்றியலை வங்காளியில் நூலாக எழுதினார். மாணவச் செல்வங்களே, கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு இது ஒரு நல்ல சேதி.

ஆக, டாரதி ஏழு வருஷத்துக்கு முன் கேட்ட எல்லாமே செராம்பூரில் இருந்தது. நிலையான வீடு, வேளைக்கு ஆகாரம், பேச்சுத்துணைக்குப் பெண்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னும் நாலு கை, ஒருவர் படுத்தால் குடும்பத்தைத் தாங்க மற்றவர்கள். ஹன்னாவும் பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர்தான். அவருக்கு மட்டும் கல் மனது என்றோ டாரதிக்கு மெல்லிய மனது என்றோ நான் சொல்ல மாட்டேன். ஹன்னாவைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

1800 டிசம்பர் 28. அந்த மிஷனின் முதல் இந்திய விசுவாசி, கிருஷ்ண பால் என்ற தச்சர், ஞானஸ்நானம் பெற்ற நாள். கை மூட்டு பிசகியபோது தாமஸ் கட்டுப்போட்டு அறிமுகமானவர். கேரி ஒரு பக்கம் மகன் ஃபீலிக்ஸையும் இன்னொரு பக்கம் கிருஷ்ண பாலையும் அழைத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். டேனிஷ் கவர்னர் உட்படக் கூட்டம் நின்றது. இத்தனை வருஷம் காத்திருந்த சந்தோஷம் தாங்காமல் தாமஸுக்கு அன்று புத்தி பேதலித்து, அவரை ஓர் அறையில் வைத்திருந்தார்கள். பாதைக்கு எதிர்ப்புற அறையில் டாரதி. இரண்டு அறைகளிலிருந்தும் கூச்சல் கேட்டுக்கொண்டிருக்க, நடுவில் இவர்கள் நடந்து போனார்கள். மகன் ஞானஸ்நானம் பெறுகிறான் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்ததா?

பிறகு நடந்தவை பாடப் புத்தகத்தில் உள்ளவை. 1801ல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே வருஷம் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரிக்கு மாதம் 500 ரூபாயில் ஆசிரியர் வேலை, அந்தப் பணமும் பொதுப் பெட்டிக்கே போனது. டாரதி 1807 டிசம்பர் 8 அன்று காய்ச்சலில் இறந்தார். பன்னிரண்டு வருஷம் மனநோயோடு வாழ்ந்திருக்கிறார். மறு வருஷம் கேரி, செராம்பூரில் குடியிருந்த டேனிஷ் சீமாட்டி சார்லட் ரூமோரை மணந்தார். படித்தவர், பல மொழி தெரிந்தவர், அவருடைய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பதிமூன்று வருஷம் நன்றாக வாழ்ந்தார்கள். 1834ல் கேரி இறந்தபோது, தன்னை இரண்டாவது மனைவி சார்லட்டின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

ஹன்னா அதற்கப்புறமும் பதிமூன்று வருஷம், 1847 வரை, அதே செராம்பூரில் வாழ்ந்தார். அவர் கதை தனியாக ஒரு பதிவுக்கு உண்டு. பேரன் அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், போன புதிதில் உங்களுக்கு எந்தச் சாப்பாடு ரொம்ப ஏங்க வைத்தது என்று கீழே எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்